பெட்டியில் உப்பு

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே வெயில், கூடவே தூசிக் காற்று. ராமநாதபுரத்தில் மே மாதமும் ஜூலையும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறந்திருப்பது மட்டும் வித்தியாசம்.

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய். அஃப்ரினுக்கு கிராஃப் நோட்டு. தம்மாமில் இருக்கும் மச்சானுக்கு, அஃப்ரினின் அத்தாவுக்கு, கொடுத்துவிட மாசிக்கருவாட்டுத்தூள் (உம்மாவிடம் சொல்ல வேண்டும், மறக்காதே).

ஆஸ்பத்திரி லேப் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. கலா வரவில்லை. நயினார்கோவில் பஸ் இன்றும் லேட். அவள் கட்டத்தில் நானே ‘கலா’ என்று போட்டேன். காலை எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜை இரண்டு பேர் பார்த்ததாக இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது விதி. எட்டு மணிக்கு அந்த அறையில் இரண்டு பேர் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. நான் இல்லாத நாளில் அவள் ‘ர.பீ.’ போடுவாள். என் ‘ர’வின் காலை என்னைவிட அவள் அழகாக இழுப்பாள்.

பதினான்கு ட்யூப். ஒன்பது பேருக்கு வெள்ளணு எண் குறைவு. ஒரே நாளில் ஒன்பதா?

அஃப்ரின் ஒரு தடவை கேட்டாள், ரத்தத்துக்குள் அந்த அணுவை மட்டும் எப்படிம்மா கண்டுபிடிப்பே என்று. சொன்னேன்: வெள்ளணு எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ஒவ்வொரு வகையின் மேலும் ஒரு தனிக் கொக்கி. அந்தக் கொக்கியில் மட்டும் போய் மாட்டிக்கொள்ளும் மருந்து ஒன்று, பெயர் ஆன்டிபாடி. அதன் முதுகில் சாயம் ஒட்டியிருப்பார்கள். அணுக்களை ஒவ்வொன்றாக வரிசையில் விட்டு லேசர் அடித்தால் சாயம் மாட்டியது மினுங்கும். மினுங்குவதை மிஷின் எண்ணும்.

“மினுங்கலைன்னா?”

“அது அங்கன இல்லைன்னு அர்த்தம்.”

எங்களுக்கு முக்கியம் சிடி4 என்ற கொக்கி உள்ள அணு. எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் ஏறினால் உடம்பு தேறுகிறது. இறங்கினால் மாத்திரை வேலை செய்யவில்லை, இல்லை மாத்திரையே வாய்க்குள் போகவில்லை.

திருவாடானைப் பக்கத்து அம்மா வந்திருந்தார். பெயர் எழுதமாட்டேன், எனக்கு மட்டும்தான் என்றாலும். வயல் வேலை செய்கிறவர். ஆறு வருடமாக வருகிறார். போன தடவை 540. இன்று 188. கவுன்சலர் வறுத்து எடுத்துவிட்டார்.

“ஒரு வேளை கூட விடல தாயி. எங்கூரு சாமி சத்தியமா.”

கூட மகன் வந்திருந்தான், லாரி ஓட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். எல்லோர் முன்னாலும் கத்தினான். “பொய் சொல்லாத ஆத்தா. மாத்திரைய எங்கன கொட்டுன? இதுக்கா மாசாமாசம் வேலைய விட்டுட்டு ஒன்னைய கூட்டியாரேன்?”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக ஊசி குத்துகிற கை, இதாவது பரிந்து பேசும் என்று நினைத்திருப்பார். நான் சொன்னது: “மிஷின் பொய் சொல்லாதும்மா.”

அவர் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் மேடம் எங்கள் இருவர் ஃபைலும் கேட்டிருக்கிறார். சவூதியில் மச்சான் கம்பெனி சம்பளத்தை இழுத்தடிக்கிறது, இப்போதைக்கு வீடு என் வேலையில்தான் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லாமல் மாதம் முடியட்டும்.

கலா குண்டு மிளகாய் கிள்ளிப்போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. என் டப்பாவில் இறால். வழக்கம்போல் மாற்றிக்கொண்டோம்.

ஜூலை 15, செவ்வாய்

பன்னிரண்டு ட்யூப். எட்டு குறைவு. எல்லோரும் ஒன்றாகவா மாத்திரையைக் கொட்டுவார்கள்?

மிஷின் சரியா என்று பார்க்க அளவு தெரிந்த ரத்தம் ஒன்று கம்பெனியிலிருந்து வரும். அது தீர்ந்து மூன்று வாரம். கேட்டு எழுதியது நான். ‘வரும் வரும்’ என்பது ஆபீஸ். வராமலே ஓட்டியது நாங்கள் இருவரும்.

அதனால் என் ரத்தத்தையே எடுத்துப் போட்டேன். ஜனவரியில் விளையாட்டாகப் போட்டபோது 910.

இன்று 305.

திரும்பவும் போட்டேன். 298.

 நாற்காலியில் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கலாவைக் கூப்பிட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“காச்ச எதுவும் வந்துச்சாடி?”

“இல்ல.”

“ஒன் வீட்டுக்காரரு கடைசியா எப்ப வந்துட்டுப் போனாரு?”

“நோன்புப் பெருநாளைக்கு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருடி. மனசு கெடந்து அடிச்சுக்கும். நாளைக்கு நானே கூட வாரேன்.”

ஒன் ரத்தமும் ஒரு ட்யூப் குடு, ரெண்டையும் வச்சுப் பார்ப்போம் என்றேன்.

“வேணாம்டி. காலைல சாப்பிடல, தல சுத்துது.”

சாயங்காலம் அஃப்ரினுக்கு கிராஃப் நோட்டு வாங்க மறந்துவிட்டேன். கேட்டாள். காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஜூலை 16, புதன்

மச்சான் காலையில் வீடியோ கால். ஷிப்டுக்குக் கிளம்புகிற சட்டை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல்.

“என்ன புள்ள, புதுசா பாக்குற மாதிரி பாக்குறே?”

“ஒண்ணு கேக்குறேன். அல்லா மேல ஆணையா உண்மையைச் சொல்லுங்க. அங்கன யாரு கூடயாச்சும்...”

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நான் போனை வைத்துவிட்டேன். பதினைந்து வருடத்தில் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எச்.ஐ.வி. டெஸ்ட் அறை கீழே. தினமும் நான் கடந்து போகிற அறை. இன்று பெஞ்சில் நான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்றாலும். கலா சொன்னபடி கூட வந்தாள். இருபது நிமிடம். கொஞ்சம் துஆ ஓதினேன், பாதியில் மறந்துபோனது. அஃப்ரின் யாரிடம் வளருவாள் என்று கணக்குப் போட்டேன். உம்மாவா, கூடப்பிறந்த காக்கா வீடா.

ஒற்றைக் கோடு. இல்லை. எனக்கு இல்லை.

கலா அழுதாள். என்னைவிட அதிகமாக அழுதாள். முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பெற்ற தாய் கூட இப்படி அழுதிருக்கமாட்டாள் என்று தோன்றியது. இந்தத் தோழி எனக்கு வாய்த்தது பெரிய விஷயம். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மதியம் மச்சானிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “நான் என்ன தப்பு பண்ணேன் ரஹீமா? வேலையே ஓடல.” பதில் போடவில்லை. என்ன போடுவது?

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கலா சாமிக்கு உடைத்த தேங்காய் கொண்டு வந்தாள்.

காலையில் மூளை தெளிந்தது. நோய் இல்லை, எண் குறைவு. அப்படியென்றால் எண் தப்பு. ஒன்று மிஷின், இல்லையென்றால் ஆன்டிபாடி. பத்தாம் தேதிதான் புதுக் குப்பி திறந்தோம். பழைய குப்பி அடியில் மூன்று பேருக்குத் தேறும் அளவு மிச்சம் வைத்திருந்தேன். இதற்குத்தான் கஞ்சத்தனம் வேண்டும் என்பது.

என் ரத்தம், பழைய மருந்தில்: 897.
அதே ரத்தம், அதே மிஷின், புது மருந்தில்: 301.

திரையில் பழையது இரண்டு திட்டாகப் பிரிந்து, மினுங்கும் திட்டு மேலே அழகாக நிற்கிறது. புதியதில் அந்தத் திட்டு வழிந்து கீழே இருட்டுக்குள் இறங்கிக் கிடக்கிறது. அணு எங்கேயும் போகவில்லை. சாயம்தான் செத்துவிட்டது. மினுங்காததை இல்லை என்று எண்ணிவிட்டது மிஷின். நானும்.

அந்தச் சாயம் சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. பயிற்சியில் சொன்னார்கள். ராமேஸ்வரத்தில் பெண்கள் முக்குளித்து எடுக்கிற பாசிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று கலாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதற்கு வெளிச்சமும் ஆகாது, உறைகிற குளிரும் ஆகாது. இரண்டிலிருந்து எட்டு டிகிரி. ஒரு தடவை விறைத்துப்போனால் அவ்வளவுதான். திரும்ப உருகினால் பார்க்க நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும்.

ஃப்ரிட்ஜ் ஒரு நாளும் மூன்றுக்குக் கீழே போனதில்லை. அப்போது எங்கே விறைத்தது? ஸ்டோருக்குப் பின்னால் மருந்து வந்த தெர்மாகோல் பெட்டி கிடந்தது. திறந்தேன். உள்சுவரில் வெள்ளையாய் ஒரு கோடு, பூத்துப் போய். மூலையில் இரண்டு செதில்.

எங்கள் அத்தா பெரியபட்டினத்தில் நண்டும் மீனும் ஏற்றி அனுப்பிய மனுஷர். நான் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள். அந்த வெள்ளைக் கோடு என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்லுப்பு. யாரோ இந்தப் பெட்டியில் உப்பு போட்ட மீன் ஐஸைக் கொட்டியிருக்கிறார்கள்.

கலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “மதுரைல இருந்து வர்ற வழியில எவனோ மீன் ஐஸைப் போட்டு மருந்தைக் கொன்னுருக்கான்டி.”

“அப்படியா,” என்றாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமான மேஜை.

மேடத்திடம் சொன்னேன். லேப் பொறுப்பு டாக்டர். திருநெல்வேலிக்காரர், கத்தமாட்டார், அதுதான் பயம். டெஸ்ட் எல்லாம் நிறுத்தச் சொன்னார். பத்தாம் தேதியிலிருந்து தந்த ரிசல்ட் அத்தனையும் ரத்து, எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். பிறகு கேட்டார்: “பெட்டியை வாங்குனது யாரு?”

வரவு ரெஜிஸ்டரை நானே எடுத்துக் கொடுத்தேன். ஜூன் 25. ‘பெட்டி பெறப்பட்டது. குளிர்ச்சி சரி. ர.பீ.’

ஜூன் 25 காக்கா மகளுக்கு நிச்சயம். பத்து மணிக்கே நான் பெரியபட்டினம் பஸ் ஏறிவிட்டேன். லீவு போடவில்லை. “போடி, நான் பாத்துக்கிறேன்” என்றவள் கலா.

மேடம் என்னைப் பார்க்கிறார். நான் ‘ர’வின் காலைப் பார்க்கிறேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் முதலில் வெளியே விழுவது பதினோரு வருடப் பொய்.

திங்கட்கிழமைக்குள் இருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

கலாவிடம் நேராகக் கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே.

“அன்னைக்குப் பெட்டியை வாங்குனது நீதானே?”

“எனக்கு ஞாபகமே இல்லடி. யாராச்சும் கொண்டாந்து வச்சிருப்பாக. ஒனக்காகக் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்.”

“அதையாச்சும் மேடத்துக்கிட்ட சொல்லு. நான் அன்னைக்கு இல்லைன்னு.”

“சொன்னா ரெண்டு பேரு வேலையும் போகும். ஒருத்தர நம்பி ஒருத்தர் போட்ட அம்புட்டு கையெழுத்தும் வெளிய வரும். நீ வாங்குனதாவே இருக்கட்டும். தெரியாம நடந்துருச்சுன்னு எழுதிக் குடு. மெமோவோட போயிரும்.”

“மெமோ ஃபைல்ல இருந்தா புதுப்பிப்பாங்களா?”

அவள் தன் டப்பாவை நீட்டினாள். பசியில்லை என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை தனியாகச் சாப்பிட்டேன். என் சமையல் இவ்வளவு சுமாராக இருக்கும் என்று தெரியாது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜும்ஆ பயான். அமானிதம் பற்றி, நம்பி ஒப்படைத்ததைக் காப்பது பற்றி. இன்றைக்கென்று பார்த்து.

ஜூலை 19, சனி

திருப்பி அழைக்க வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர். கவுன்சலரும் நானும் போன் போட்டோம். பாதிப் பேர் நம்பர் மாறிவிட்டது. திருவாடானை அம்மா வீட்டில் மகன் எடுத்தான். மிஷினில் கோளாறு, அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றேன். “இப்ப மட்டும் மிஷின் சரியாயிருச்சாக்கும்?” என்று வைத்துவிட்டான்.

உண்மையை எழுதினால்:
– அனுமதி இல்லாமல் போனது வெளியே வரும்.
– கலாவுக்கு நான் போட்ட கையெழுத்தும் வெளியே வரும்.
– வேலை போகலாம்.

எழுதாவிட்டால்:
– மருந்தைக் கெடுத்தவள் நான்.
– வேலை போகலாம்.
– கலா இருப்பாள்.

கலா இருப்பாள் என்பதை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்தேன். இன்னும் அவள் மேல் சந்தேகம் வர மறுக்கிறது. பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான். இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் இருந்தும் இல்லாத மாதிரி. பெட்டியை யாரிடமோ வாங்கிப் பார்க்காமல் உள்ளே வைத்திருப்பாள். பெட்டிக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 20, ஞாயிறு

துணி. இட்லி மாவு. அஃப்ரினுக்குத் தலை பார்த்தேன்.

விளக்கம் எழுதவில்லை. வெறும் தாள் ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

மச்சானிடம் இன்னும் பேசவில்லை.

ஜூலை 21, திங்கள்

முழுதாக எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

மேடம் அறை. நான், கலா, மேஜையில் அந்தத் தெர்மாகோல் பெட்டி. கலா விளக்கம் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தேதி. அதாவது மாடிப்படிக்குக் கீழே ‘மெமோவோட போயிரும்’ என்று என்னிடம் சொன்னபோது அது அவள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது, இல்லை மேடம் மேஜைக்கே போய்விட்டிருக்கிறது.

மேடம் சத்தமாகப் படித்தார். ‘அன்று பெட்டியைப் பெற்றவர் ரஹீமா பீவி. மின்தடை காரணமாக ஐஸ் வைத்திருக்கிறார். அவர் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர், மீன் வியாபாரக் குடும்பம் என்பதால், மீனுக்குப் போடும் பழக்கத்தில் உப்பு கலந்த ஐஸைப் போட்டிருக்கலாம் எனத் தெரிகிறது.’

எனத் தெரிகிறதாம்.

என் டப்பா இறாலைப் பதினோரு வருடம் சாப்பிட்டவள் எழுதியது. எங்கள் ஊரை, எங்கள் அத்தாவை, அவர் கையில் இருந்த ஐஸ் புண்களை எல்லாம் நான் அவளிடம் சொன்னதே அவளை நம்பித்தான். அதையே எடுத்து என் கழுத்தில் வைத்திருக்கிறாள். கண்ணீர் வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மேடம் கேட்டார், என்ன சொல்றீங்க ரஹீமா.

நான் கலாவைப் பார்த்தேன். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஐஸ்ல உப்பை எதுக்குப் போடுவாங்க?”

“ஐஸ் கரையாம நிக்கத்தான். எங்கூருக்கு மீன் கொண்டாரவரு அப்படித்தான போடுவாரு.”

“எங்க ஊர்ல நடக்கத் தெரிஞ்ச புள்ள கூட அப்படிச் சொல்லாது கலா. உப்பு போட்டா ஐஸ் சீக்கிரமாக் கரையும். ஆனா குளிர் ஏறும். வெறும் கைய விட்டா தோல் பொசுங்கிப்போகும். மீனைக் கட்டையா விறைக்க வைக்கணும்னாத்தான் உப்பு. விறைக்கக் கூடாத மருந்துக்கு உப்பு ஐஸைக் கேட்டு வாங்குறவ எங்க ஊருக்காரியா இருக்கமாட்டா.”

“நான் கேட்டு வாங்கலடி! அந்தாளாத்தான் ஒரு கை அள்ளித் தூவுனாரு, நல்லதுக்குத்தான் போடுறாருன்னு நானும்...”

நின்றுவிட்டாள்.

 மேடம் பேனாவை மூடினார்.

பிறகு எல்லாம் வந்தது. அன்றைக்கு மாதாந்திர மின்தடை. மதுரை பஸ் பரமக்குடியில் நின்று இரண்டு மணி நேரம் லேட். பெட்டியில் வைத்திருந்த ஐஸ் தண்ணீர். லேப் ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மீன் வண்டிக்காரரிடம் கலா ஐஸ் வாங்கி நிரப்பினாள். சாயங்காலம் கரண்ட் வந்து திறந்தபோது குப்பிகள் கல். ஃப்ரிட்ஜில் வைத்தாள், உருகியது. ‘குளிர்ச்சி சரி’ என்று எழுதினாள். ர.பீ. போட்டாள். அன்றைக்கு என் பெயரைக் காப்பாற்றப் போட்ட கையெழுத்து, அதே பேனாவில் என்னை மாட்டிவிட்ட கையெழுத்தும் ஆனது. இரண்டையும் ஒரே மனதோடுதான் போட்டாளா? தெரியவில்லை.

நானும் சொன்னேன். அன்று நான் ஊரில் இருந்ததை. தினமும் அவளுக்கு நான் போட்டதை. மேடம் ரெஜிஸ்டரைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: “அப்போ இதுல எதுதான் நிஜம்?”

“டிகிரி நிஜம் மேடம். ஒருத்தராவது பார்த்துத்தான் எழுதுனோம்.”

இருவருக்கும் மெமோ. இருவர் ஃபைலும் மேலே போகிறது. என் வேலை இருக்குமா என்பது மாதக் கடைசியில்தான் தெரியும்.

வராந்தாவில் நடக்கும்போதுதான் அது மண்டையில் இறங்கியது. குப்பி விறைத்தது ஜூன் 25. என் ரத்தத்தில் 305 என்று பார்த்தது ஜூலை 15. அந்தத் திரையை அவ்வளவு நேரம் பார்த்தாளே. அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள், ஒன் வீட்டுக்காரரு எப்ப வந்துட்டுப் போனாரு என்று. தெரிந்துகொண்டுதான் கையைப் பிடித்தாள். தெரிந்துகொண்டுதான் அந்தப் பெஞ்சில் இருபது நிமிடம் என் பக்கத்தில்.

விளக்கக் கடிதத்தை மன்னித்தாலும் மன்னிப்பேன். பெஞ்சை மாட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கலா ஸ்டோரில் வழிமறித்தாள். கண் வீங்கியிருந்தது. எனக்கும்தான்.

“உருகுனா சரியாயிரும்னு நெனச்சேன்டி. குப்பி பாக்க நல்லாத்தான இருந்துச்சு.”

“சரி. என் நம்பரைப் பாத்தப்ப?”

“சொல்ல வாயெடுத்தேன்.”

“மறுநாள்? கீழ உக்காந்திருந்தமே?”

 “ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும்ல. நீ ஒரு நா பயந்துட்டுப் போயிருவ. நான் சொல்லியிருந்தா எனக்கு காலம்பூரா பயம்.”

இதைவிட உண்மையாக அவள் என்னிடம் பேசியதில்லை என்று நினைக்கிறேன். அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. “தள்ளு, ட்யூப் எடுக்கணும்” என்றேன்.

அந்த அழுகை மட்டும் நிஜம். அது பாசத்தில் வந்தது இல்லை, தப்பித்த நிம்மதியில் வந்தது. பதினாறாம் தேதி எழுதியதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். ஏமாந்தவள் எப்படி எழுதுவாள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா?

மச்சானுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். 

“அப்ப அந்த ஒரு நம்பர வச்சு என்னைய அப்படி நெனச்சுட்டே.”

“ஆமா.”

“என்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடியே நெனச்சுட்டே.”

“ஆமா மச்சான்.”

டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

திருவாடானை அம்மாவுக்கு நான் செய்தது, மச்சானுக்குச் செய்தது, இரண்டும் ஒன்றுதான். ஆளை விட்டுவிட்டு எண்ணை நம்பினேன். கலா மேல் உள்ள ஆத்திரத்தில் இதை மறந்துவிடக்கூடாது என்று எழுதுகிறேன். ஆத்திரம் அதனால் ஒன்றும் குறையவில்லை.

ஜூலை 23, புதன்

நாளை ஆடி அமாவாசை. ராமேஸ்வரம் பஸ் எல்லாம் பிதுங்கி வழிகிறது. நின்றுகொண்டே வந்தேன்.

ஃப்ரிட்ஜ் 4. என் கட்டத்தில் போட்டேன். கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போய், ‘க’வின் முதல் கோட்டைத் தொட்டுவிட்டு நின்றது. அப்படியே ஒரு புள்ளி. கலா ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். புள்ளியைப் பார்த்தாள். பக்கத்தில் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புது மருந்து நேற்றே காரில் வந்தது. மேடமே முன்னால் நின்று பெட்டியைத் திறந்தார். அளவு தெரிந்த ரத்தமும் கூடவே வந்தது, இத்தனை நாள் இல்லாதது. போட்டோம். சரி.

பதினொரு மணிக்குத் திருவாடானை அம்மா. தனியாக. இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, சேலை முந்தி கிழிந்திருந்தது. மகன் வரவில்லை. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “அன்னையிலருந்து எங்கிட்ட பேசுறதில்ல தாயி. மாத்திரைய அவந்தான் எண்ணி எடுத்துத் தாரான். முழுங்குனேனான்னு வாயத் தொறந்து காட்டச் சொல்றான்.”

ரத்தம் எடுத்தேன். ஒரே குத்தில் கிடைத்தது. ஒரு மணிக்கு ரிசல்ட். புது மருந்தில் 531. பழைய குப்பியில் மிச்சம் வைத்திருந்த துளியிலும் போட்டேன். 526.

பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நல்லா இருக்கும்மா. அன்னைக்கு மருந்து கெட்டுப் போயிருந்துச்சு. தப்பு எங்க மேல. நீங்க சொன்னதுதான் உண்மை.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே உற்றுப் பார்த்தார்.

“நான் சொன்னது உண்மைன்னு இப்பச் சொல்றீக.”

“ஆமாம்மா.”

“இத எழுதித் தருவீகளா? எம்மயங்கிட்ட காட்டணும். நான் சொன்னா நம்பமாட்டான்.”

மேடத்திடம் கேட்டேன். எழுதுங்க, நானும் சீல் வைத்துத் தருகிறேன் என்றார். விளக்கத்துக்கு என்று ஞாயிற்றுக்கிழமை மடித்து வைத்த வெறும் தாள் கைப்பையில் அப்படியே இருந்தது. நோய் பெயர் இல்லாமல், எண் இல்லாமல், நாலு வரி. இந்த அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறார். பதினாலாம் தேதி கொடுத்த ரிசல்ட் தவறு. அது லேப்பின் தவறு. அவர் சொன்னது உண்மை.

அந்த அம்மா எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர். விரலை ஒவ்வொரு வரியின் கீழேயும் ஓட்டிக்கொண்டு வந்தார், அடியில் நிறுத்தினார்.

“இங்கன யாரு கையெழுத்து?”

“என்னுதும்மா.”

ர.பீ. போடவில்லை. ரஹீமா பீவி என்று முழுதாக எழுதினேன்.